மலைச்சரிவில் ஒரு வாரம் தங்கித் திரைக்கதை எழுத 75,000 ரூபாயா?

வாசகர் கேள்வி – 4 பிப்ரவரி 2019

இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்து வீட்டில் ஒரு வாரம் தங்கித் திரைக்கதை எழுதலாம், அதற்குக் கட்டணம் உண்டு என்று படித்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஏற்காட்டில் ஓர் அறை எடுத்து, கைபேசியை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் அதே வேலை நடந்துவிடாதா? போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

4 பிப்ரவரி, இரவு

நான் போய் வந்தவன். சென்ற அக்டோபர் கடைசி வாரம். யார்க்‌ஷயரில் ஹெப்டன்ஸ்டால் என்ற மலைக் கிராமத்துக்குக் கீழே லம்ப் பேங்க் என்று ஒரு வீடு இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு நெசவாலை முதலாளி கட்டியது. பிறகு கவிஞர் டெட் ஹியூஸுக்குச் சொந்தமாக இருந்தது. 1975-இல் அதை அவர் ஆர்வன் என்ற அமைப்புக்குக் குத்தகைக்கு விட்டார். 1968-இல் ஜான் ஃபேர்ஃபாக்ஸ், ஜான் மோட் என்ற இரண்டு கவிஞர்கள் தொடங்கிய அமைப்பு அது. கவிதை, நாவல், நாடகம், திரைக்கதை என்று தனித்தனி வாரங்கள் நடக்கும்.

திங்கள்கிழமை போனால் சனிக்கிழமை காலை கிளம்ப வேண்டும். மாணவர்கள் அதிகபட்சம் பதினாறு பேர், ஆசிரியர்கள் இரண்டு பேர். காலையில் வகுப்பு. பிற்பகல் எழுதும் நேரம். அதற்கு நடுவே ஒவ்வொருவருக்கும் ஆசிரியருடன் தனிச் சந்திப்பு. இரவில் யாராவது வாசிப்பார்கள். வெள்ளிக்கிழமை இரவு நாம் எழுதியதை நாமே வாசிக்க வேண்டும்.

ஏற்காட்டில் நடக்காதா என்று கேட்கிறீர்கள். நடக்காது. நான் ஏற்காட்டிலும் முயன்றிருக்கிறேன், குற்றாலத்திலும் முயன்றிருக்கிறேன். அங்கெல்லாம் கைபேசியை அணைத்தாலும் மனம் அணைவதில்லை. லம்ப் பேங்கில் அலைவரிசையே சரியாகக் கிடைக்காது. சன்னலுக்கு வெளியே செங்குத்தாக இறங்கும் காடு, அடியில் ஓடை, அதற்கு நடுவே கைவிடப்பட்ட ஆலையின் புகைபோக்கி ஒன்று மரங்களோடு மரமாக நிற்கிறது. அந்த அமைதிக்குத்தான் பணம் கொடுத்தேன் என்று தயங்காமல் சொல்வேன்.

5 பிப்ரவரி

பண விவரம் கேட்டிருக்கிறார்கள். தனியறை, சாப்பாடு, வகுப்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 800 பவுண்டு. அன்றைய மதிப்பில் சுமார் 75,000 ரூபாய். விமானச் செலவு தனி. என் அக்கா லீட்ஸில் இருக்கிறாள், எப்படியும் அவளைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது, அதனால் அந்தச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. முழுச் செலவும் இதற்கு மட்டும் என்றால் நான் போயிருக்க மாட்டேன். வருமானம் குறைந்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு, விண்ணப்பித்துக் கேட்க வேண்டும்.

விசாவுக்குச் சாதாரணப் பார்வையாளர் விசாவே போதும். முப்பது நாளுக்கு உட்பட்ட பொழுதுபோக்குப் படிப்பு அதில் அனுமதிக்கப்படுகிறது. சென்னையில் ஒரு முகவர் மாணவர் விசா எடுத்தாக வேண்டும் என்று சொல்லிப் பயமுறுத்திப் பணம் கேட்டார். அரசாங்கத்தின் விதியை நீங்களே படியுங்கள்.

லீட்ஸிலிருந்து, மலையடியில் இருக்கும் ஹெப்டன் பிரிட்ஜ் என்ற ஊருக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து மலையேற்றம். கல் பாவிய பழைய பாதை ஒன்று நேராக மேலே போகிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு அதில் ஏற முயலாதீர்கள், டாக்சி பிடியுங்கள்.

9 பிப்ரவரி

"கதை விவாதம் என்று நம் ஊரில் ஐம்பது வருடங்களாக நடப்பதும் இதுதானே, அதற்கு ஏன் இங்கிலாந்து?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தக் கேள்வி என்னை நான்கு நாள் விடவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

நான் பதினோரு வருடம் உதவி இயக்குநராக இருந்தவன். வடபழனி, சாலிகிராமம் லாட்ஜ்களில் நான் உட்காராத கதை விவாதம் இல்லை. இயக்குநர் கட்டிலில், நாங்கள் தரையில். டீ வந்துகொண்டே இருக்கும். அங்கே கதை என்பது வாயில் இருக்கும் பொருள். நன்றாகச் சொல்பவன் வெல்வான். கதாநாயகன் கதவைத் திறந்தால் கதவின் சத்தம், பின்னணி இசை, எதிரில் நிற்பவளின் கண்ணீர் எல்லாமே சொல்பவனின் வாயிலிருந்தே வரும். தயாரிப்பாளரிடம் போவதும் அப்படித்தான். இரண்டரை மணி நேரம் கதை சொல்லி, கேட்பவரை அழவைத்து, முன்பணம் வாங்கியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். தாளில் இருந்தது நாலு பக்கக் குறிப்பு மட்டும்.

அந்தக் கலையை நான் குறைவாக நினைக்கவில்லை. எனக்கும் அது கொஞ்சம் கைவந்தது.

நான் எடுத்துப் போன கதை எங்கள் ஊர்த் தேரைப் பற்றியது. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற ஒரு பெரியவர்தான் நாயகன். தேர் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆயிரம் பேர் வடம் பிடிக்கலாம், பின்னால் சன்னை என்ற நெம்புகட்டை போட்டு நெம்பலாம், ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவர் கைதான். இந்தக் கதையைச் சென்னையில் ஒன்பது பேரிடம் சொல்லியிருக்கிறேன். மேசைமேல் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்து உருட்டி, கைபேசியைக் கட்டையாக வைத்து, பாட்டில் எப்படித் திரும்புகிறது என்று காட்டுவேன். ஒன்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

லம்ப் பேங்கில் செவ்வாய்க்கிழமை காலை ஆசிரியை ஒரு விதி சொன்னார். காட்சியை எழுதியவர் வாசிக்கக் கூடாது. வேறொருவர் காட்சி விவரணையை வாசிப்பார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக வசனத்தை வாசிப்பார்கள். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது, கையையும் அசைக்கக் கூடாது.

என் முறை வந்தது. ஹல் நகரத்தைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற செவிலியர் அம்மா ஒருவர் என் முதல் பக்கத்தை வாசித்தார். "தேர் தெற்கு வீதியில் திரும்புகிறது. கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. பெரியவர் லாவகமாக முட்டுக்கட்டை போடுகிறார்." முட்டுக்கட்டைக்கு ஆங்கிலத்தில் 'ஆப்பு' என்ற பொருள் தரும் ஒரு சொல்தான் எனக்குக் கிடைத்திருந்தது. வாசித்து முடித்ததும் ஆசிரியை மற்றவர்களிடம் கேட்டார்: என்ன பார்த்தீர்கள்?

ஒருவர் ஊர்வலம் பார்த்தார். இன்னொருவர் ஏதோ விபத்து நடக்கப்போகிறது என்று நினைத்தார். ஓர் இளைஞர், அந்தக் கிழவர் திருவிழாவைத் தடுத்து நிறுத்தப் பார்க்கிறார், அவர்தான் வில்லன் என்றார்.

நான் பேசக் கூடாது. தொண்டைவரை வந்துவிட்டது. தண்ணீர் பாட்டில் எதிரிலேயே இருந்தது.

அன்று இரவு படுக்கையில் ஒன்று உறைத்தது. நம் மொழியிலேயே ஒரு காரியத்துக்கு 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்றால் தடுக்கிறான் என்றுதானே பொருள்? அந்த இளைஞர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நான் எழுதியிருந்ததை அப்படியே புரிந்துகொண்டார். தேரை ஒழுங்காகச் செலுத்துவதே அந்தக் கட்டைதான் என்பது என் கையில் இருந்தது, கண்ணில் இருந்தது. தாளில் இல்லவே இல்லை. 'லாவகமாக' என்ற சொல்லை எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாது.

புதன் காலைக்குள் மாற்றி எழுதியது இது:

சக்கரம். ஆள் உயரத்துக்கும் மேல்.
அதன் வழியில் ஒரு வெறுங்கால். கால் நகரவில்லை.
சக்கரம் வருகிறது.
காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கட்டை விழுகிறது.
மரம் முனகுகிறது. சக்கரம் திணறி, வலப்பக்கம் திரும்புகிறது.
கால் ஒரு அடி பின்னால் நகர்கிறது. அடுத்த கட்டை.

செவிலியர் அம்மா மறுபடி வாசித்தார். மூன்றாவது வரியில் அவர் குரல் தானாகவே மெதுவாயிற்று. எவரும் எதுவும் கேட்கவில்லை.

கதை விவாதத்தில் இது நடக்காது. அங்கே புரியாத இடத்தை நாம் உடனே வாயால் நிரப்பிவிடுகிறோம். ஓட்டை ஓட்டையாகவே படப்பிடிப்புவரை போகிறது. பிறகு இயக்குநர், ஒளிப்பதிவாளர், நடிகர் மூவரும் மூன்று வேறு தேர்களை மனத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

10 பிப்ரவரி

முதல் நாள் இரவு நான் எழுதியது தவறு. அமைதிக்குப் பணம் கொடுத்தேன் என்றேன். நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தால், நான் எழுதியதெல்லாம் பதினாறு பேர் கூடியிருந்த அறையில் நடந்ததைப் பற்றித்தான் இருக்கிறது. அந்த வாரத்தில் தனியாக உட்கார்ந்து எழுதிய நேரம் ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்தைத் தாண்டியிருக்காது. வெறும் அமைதிதான் வேண்டும் என்றால் ஏற்காடு போதும். கேள்வி கேட்ட நண்பரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

13 பிப்ரவரி

சாப்பாடு பற்றி ஒரு பெண் கேட்டிருக்கிறார். இரவுச் சமையலை நாமே செய்ய வேண்டும். தினம் நாலு பேர் கொண்ட குழு, எல்லோருக்குமாகச் சமைக்கும். பொருள்கள் வாங்கி வைத்திருப்பார்கள், செய்முறையும் எழுதி வைத்திருப்பார்கள். சைவச் சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் காரம் என்று எதுவும் நாக்கில் படாது. ஊறுகாய் கொண்டுபோங்கள். நான் கொண்டுபோன மாவடு புதன்கிழமையே தீர்ந்துவிட்டது. அதில் பாதியை அந்த ஹல் அம்மா சாப்பிட்டார்.

கட்டணமும் கட்டி, சமையலும் நாமே செய்வதா என்று எனக்கும் முதலில் கோபம் வந்தது. எழுத வந்த இடத்தில் இரண்டு மணி நேரம் உருளைக்கிழங்கு சீவுவதா? எங்கள் குழு புதன்கிழமை மாலை. செவிலியர் அம்மா, வேன் ஓட்டுகிற ஓர் இளைஞர் (பெரியவரை வில்லன் என்றவர்), லண்டனில் ஆசிரியராக இருக்கும் ஒரு பெண், நான். வெளியே ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. சன்னல் முழுக்க மழை.

அடுப்படியில் விதி எதுவும் இல்லை அல்லவா? அந்த இளைஞர், தேர் உண்மையில் எப்படித் திரும்பும் என்று கேட்டார். எனக்கு அதுதானே வேண்டியிருந்தது. பெரிய உருளைக்கிழங்கு ஒன்றைச் சக்கரமாக்கி, காரட்டைச் சீவிக் கட்டையாக்கி, சமையல் மேசைமீது தெற்கு வீதியே போட்டுக் காட்டினேன். கை, வாய், முகம் எல்லாம் பேசின. மூவரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

அந்த அம்மா கேட்டார்: "சக்கரம் அந்தக் கட்டையைத் தாண்டிப் போனபிறகு, கட்டையை யார் எடுப்பது?"

"பையன்கள் எடுத்துக்கொண்டு ஓடி வந்து பெரியவரிடம் கொடுப்பார்கள்."

"தேர் நகர்ந்துகொண்டிருக்கும்போதா?"

"ஆமாம்."

"என்ன வயது இருக்கும்?"

"பத்து, பதினொன்று. நானே எடுத்திருக்கிறேன்."

ஒன்பது பேரிடம் சொன்ன கதை. மூன்று வருடமாக மனத்தில் சுமந்த கதை. அதில் அந்தப் பையன் ஒரு இடத்திலும் வரவில்லை. நான் எடுத்திருக்கிறேன் என்பதைக்கூட அந்த நிமிடம்வரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியதில்லை. கட்டை சூடாக இருக்கும். சக்கரம் அழுத்தியதில் நார் பிரிந்து, சிராய் உள்ளங்கையில் ஏறும். மேலே தேரில் தொங்கும் துணித் தொம்பைகள் ஆடும், ஆனால் நிமிர்ந்து பார்க்க நேரம் கிடையாது. தேரோட்டத்தன்று தேரின் உச்சியைப் பார்க்காதவர்கள் நாங்கள்தான்.

அதற்குமேல் என்னால் உருளைக்கிழங்கு சீவ முடியவில்லை. அந்த அம்மா என் பங்கையும் சேர்த்துச் சீவினார். சாப்பாடு முக்கால் மணி நேரம் தாமதமாயிற்று.

13 பிப்ரவரி, பின்னிரவு

இதை எழுதி முடித்ததும் 9-ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. வாயால் சொல்வதில் ஓட்டைகள் மறைந்துபோகின்றன என்றேன். அது சரிதான். ஆனால் அந்தக் கேள்வி நான் வாயால் சொன்னபோதுதான் வந்தது. தாளில் இருந்ததை மட்டும் வாசித்திருந்தால் அந்த அம்மாவுக்குக் கட்டையை எடுப்பது பற்றிக் கேட்கத் தோன்றியிருக்காது. காரட்டும் உருளைக்கிழங்கும் கண்ணெதிரே இருந்ததால், சக்கரம் தாண்டியபின் காரட் அங்கேயே கிடப்பதை அவர் பார்த்தார்.

சென்னையில் ஒன்பது பேர் ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கிறேன். அவர்கள் எல்லோரும் தேர் பார்த்தவர்கள். அந்தப் பையன்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம், அதனால் பார்ப்பதில்லை.

15 பிப்ரவரி

ஒருவர், "அப்படியென்றால் வெள்ளைக்காரர் கேட்டால்தான் நம் கதை நமக்குப் புரியுமா?" என்று கோபமாகக் கேட்டிருக்கிறார். கோபம் நியாயமானது. நான் அப்படிச் சொல்லவில்லை. தேர் பார்க்காத ஒருவர் வேண்டும். அவர் ஹல்லிலும் இருக்கலாம், மீனம்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த பெண்ணாகவும் இருக்கலாம். நம் கதை விவாதங்களில் அப்படிப்பட்ட ஒருவரை உட்காரவைப்பதில்லை, பெண்களையே உட்காரவைப்பதில்லை. பதினோரு வருடத்தில் லாட்ஜ் அறையில் நான் கண்ட பெண் உதவி இயக்குநர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் கதவருகில்தான் உட்கார்ந்தார்கள்.

20 பிப்ரவரி

கட்டணம் இல்லாத இடங்கள் உண்டா? உண்டு, ஆனால் அவை தேர்ந்தெடுத்துத்தான் எடுக்கும். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்‌ஷயர் காட்டுக்குள் மேக்டவல் என்ற இடம் 1907-இலிருந்து நடக்கிறது. திரைக்கதை எழுதுபவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆளுக்கொரு தனிக் குடில். மதியச் சாப்பாட்டைக் கூடையில் வைத்து வாசலில் விட்டுப் போவார்கள், கதவைத் தட்ட மாட்டார்கள். யூட்டா மலையில் நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் 1981-இல் தொடங்கிய சன்டான்ஸ் அமைப்பின் திரைக்கதைப் பட்டறை உலகறிந்தது. இந்தியாவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமும் திரைக்கதைப் பட்டறை நடத்தியிருக்கிறது.

மேக்டவல் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கூடைக்கு ஏங்கியவன் நான். இப்போது எனக்கு உருளைக்கிழங்குதான் பிடித்திருக்கிறது.

26 பிப்ரவரி

எந்த மொழியில் எழுதினேன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இரவில் தமிழில் எழுதி, விடியற்காலையில் ஆங்கிலமாக்கினேன். இதில் ஒரு தொழில் சிக்கல் இருக்கிறது. கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் அடித்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடப் படம் என்பது ஆங்கிலத்தில் திரைக்கதை எழுதுகிறவர்களின் கணக்கு. அந்த எழுத்துருவில் எல்லா எழுத்தும் ஒரே அகலம், அதனால்தான் கணக்கு நிற்கிறது. தமிழில் 'ர' எங்கே, 'ணௌ' எங்கே? நம் சொற்களும் நீளம். என் தமிழ்ப் பக்கம் ஒன்று ஆங்கிலத்தில் முக்கால் பக்கத்தில் அடங்கியது.

நம்மில் பலர் இன்னும் தாளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் காட்சியும் வலப்பக்கம் வசனமும் எழுதுகிறோம். எனக்கு அது இப்போது பிடிக்கவில்லை. வலப்பக்கம் நிறைந்திருந்தால் இடப்பக்கம் காலியாக இருப்பது உறுத்துவதே இல்லை. தாளைப் பிரிக்காமல் கீழே கீழே எழுதும்போது, மூன்று பக்கம் முழுக்கப் பேச்சாகவே ஓடினால் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. நிமிடக் கணக்குக்கு, காட்சியை வாய்விட்டு வாசித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். வேறு வழியை நான் கண்டுபிடிக்கவில்லை.

3 மார்ச்

கேள்வி கேட்ட நண்பர் மே மாத வாரம் ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டார்! மிகவும் மகிழ்ச்சி. நீர் புகாத காலணி, கைவிளக்கு, மாவடு. வியாழக்கிழமை பிற்பகல் மழை விட்டால் ஹெப்டன்ஸ்டாலுக்கு ஏறிப் போங்கள். கூரையில்லாத பழைய தேவாலயத்தை அடுத்த கல்லறைத் தோட்டத்தில் டெட் ஹியூஸின் மனைவியும் கவிஞருமான சில்வியா பிளாத்தின் கல்லறை இருக்கிறது. வருகிறவர்கள் பேனா வைத்துவிட்டுப் போகிறார்கள். கீழே ஹெப்டன் பிரிட்ஜில் 2015 டிசம்பர் 26 அன்று வெள்ளம் வந்தது. கடைக்காரர்களிடம் கேட்டால் தண்ணீர் எங்கேவரை நின்றது என்று சுவரைக் காட்டுவார்கள்.

17 மார்ச்

நேற்று ஒரு தயாரிப்பாளரைப் பார்த்தேன். பன்னிரண்டு பக்கங்களை நீட்டி, படித்துப் பாருங்கள் ஐயா, வெளியே காத்திருக்கிறேன் என்றேன். "அட, படிக்கவெல்லாம் நேரமில்லை தம்பி, நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார். மேசைமேல் தண்ணீர் பாட்டில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. தாளில் உள்ளதை உள்ளபடி வாசித்தேன், ஒரு சொல் கூட்டவில்லை. முதல் காட்சி இப்போது கட்டை தாண்டிப் போனபிறகு, சக்கரத்துக்குப் பின்னாலிருந்து நீளும் சின்னக் கையில் முடிகிறது.

நாலாவது பக்கத்தில் அவருக்குத் தொலைபேசி வந்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனார், கால் மணி நேரம் பேசினார். நம் கதை முடிந்தது என்று தாளை அடுக்க ஆரம்பித்துவிட்டேன். திரும்பி வந்தவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டார்: "அந்தக் கை வெளியே வந்துவிட்டதா?"

மீதி எட்டுப் பக்கத்தையும் வாசித்தேன். தாளை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் பையன் உள்ளங்கையில் சிராய் எடுக்கும் காட்சியை முடிக்க வேண்டும். ஊசியைப் பிடிக்கப்போவது அம்மாவா, அந்தப் பெரியவரா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. என் கையில் எடுத்தது அக்காதான். இன்று இரவு லீட்ஸுக்குப் பேசிக் கேட்கப்போகிறேன், அவளுக்கு நினைவிருக்கிறதா என்று.